சர்க்கரைக்காரர் காலில் புண்ணா? வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

1. புண் ஏன் ஆற மறுக்கிறது? காயம் பட்ட சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளை விழுங்கும். பின்னால் வரும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் செத்த சதையை அகற்றிவிட்டு, சில நாளில் குணம் மாறிப் புதுச் சதை வளர உதவ வேண்டும். சர்க்கரை ஏறியே இருந்தால் முதலாவது சோர்ந்துபோகிறது. இரண்டாவது குணம் மாறாமல் அழற்சியிலேயே நின்றுவிடுகிறது. இடிக்க வந்தவர்கள் கிளம்பினால்தானே கொத்தனார் சுவர் எழுப்ப முடியும்? ஆகவே களிம்பை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதே முதல் வைத்தியம். புண்ணில் கிருமி சேர்ந்தாலே சர்க்கரை இன்னும் ஏறும். அந்தச் சமயத்தில் டாக்டர் இன்சுலின் போடச் சொன்னால் தயவுசெய்து மறுக்காதீர்கள்.

2. தினமும் படுக்கப் போகும் முன் உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு மூன்றையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதற்கு மேலே காலைத் தூக்கிப் பார்க்கலாம். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்.

3. வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். சர்க்கரையால் நரம்பு மரத்த காலுக்குச் சூடு தெரியாது, அதனால் வெந்நீர்ப் பை ஒத்தடமும் வேண்டாம்.

4. செருப்பைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். உணர்வு குறைந்த காலுக்கு எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு நல்லது. வாங்குவதானால் மாலையில் போங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்து அளவே சரியான அளவு.

5. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் கொப்புளம் போட்டுவிடும், சுட்டதே தெரியாது. காலையிலோ இருட்டிய பிறகோ தரிசனத்துக்குப் போகலாம்.

6. காயத்தில் காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிப் பட்டை ஒட்டுவதும் ஆபத்து.

7. புண் உள்ள இடத்தில் பாரம் விழக் கூடாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நல்ல மருந்து போட்டுக் கட்டிக்கொண்டு, வலிதான் இல்லையே என்று கடைவீதி வரை நடப்பார்கள். ஒவ்வொரு அடியும் புதிதாக வளர்ந்த சதையை நசுக்கும். பாரம் தாங்காதபடி கட்டோ தனிச் செருப்போ தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

8. பீடி, சிகரெட் கூடவே கூடாது. காலுக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும்.

9. சிவப்பு பரவுவது, சீழ், நாற்றம், கருப்பு நிறம், காய்ச்சல், ஒரு கால் மட்டும் சூடாகி வீங்குவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வலி இல்லையென்றாலும் போங்கள். நரம்பு மரத்த காலில் எலும்பு வரை புண் போனாலும் வலிக்காமல் இருக்கலாம்.