சென்னையில் கண்ட சில்வியா

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே எண்ணற்ற சிறுகோள்கள் சூரியனைச் சுற்றி வருகின்றன. அவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று சில்வியா. 1866 மே 16 அன்று, சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் என்பார் இதனைக் கண்டறிந்தார். இதன் சராசரி விட்டம் ஏறத்தாழ 270 கிலோமீட்டர்; நம் வடசேரியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலைத் தொலைவினும் சற்று மிகுதி. சூரியனை ஒருமுறை சுற்றிவர இதற்கு ஆறரை ஆண்டுகள் ஆகும்.

அன்று தொலைநோக்கியில் ஒற்றைப் புள்ளியாகவே தெரிந்த சில்வியாவுக்கு, 2001-இல் ஒரு துணைக்கோளும் 2004-இல் மற்றொன்றும் இருப்பது காணப்பட்டது. ரோமுலஸ், ரீமஸ் என்பன அவற்றின் பெயர்கள். போக்சன் கண்டது பொய்யன்று, ஆயின் முழுமையுமன்று. நம் அநேகாந்தம் கற்பிப்பதும் இதுவேயன்றோ! ஆதலின், பிறர் கூற்றை மறுக்குமுன், நாம் காணாத பக்கமும் உண்டோ என எண்ணிப் பாருங்கள்.