தோரியம் காத்திருக்கட்டும்

மைன்கிராஃப்ட் மோடுக்காகத் தனிமங்களை இணைக்கும் ரெசிபிகளை உருவாக்குகிறேன். எதோடு எதைச் சேர்ப்பது?
– பிளஸ் ஒன் மாணவர், செங்கல்பட்டு

தம்பி, அணு எண்களைக் கூட்டிப் பாருங்கள், வழி பிறந்துவிடும். கார்பன் 6, ஹீலியம் 2. சேர்ந்தால் ஆக்சிஜன் 8. விண்மீனுக்குள் நடப்பதும் இதுதான். இரும்பைத் (26) தாண்டிய இணைப்புகளுக்கு மட்டும் விளையாடுபவர் ஆற்றலைச் செலவழிக்கட்டும்.

அருமையான ரெசிபி ஒன்று உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தோரியம்-232 ஒரு நியூட்ரானை விழுங்கினால், புரோட்டாக்டினியம் வழியாக யுரேனியம்-233 ஆகிவிடும். கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் காமினி உலைக்கு அதுதான் எரிபொருள். அந்தப் புரோட்டாக்டினியத்தில் பாதி மாறவே 27 நாள் ஆகும். மைன்கிராஃப்டின் ஒரு நாள் 20 நிமிடம் என்பதால், ஒன்பது மணி நேரம்! அவ்வளவு வேண்டாம், மூன்று இரவுகள் காக்க வையுங்கள்.