முதல் கணக்கு வகுப்பில் எண்களோடு அறிமுகமாகுங்கள்

கோலார் தங்க வயலில் 6, 7-ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போகிறீர்களா? பட்டப்படிப்பைச் சொல்லித் தொடங்க வேண்டாம். உங்கள் வாழ்க்கையிலிருந்து மூன்று எண்களைப் பலகையில் எழுதி, எது எதற்கு என்று பிள்ளைகளையே ஊகிக்கவிடுங்கள். நீங்கள் கணக்கில் வாங்கிய குறைந்த மதிப்பெண் அதில் ஒன்றாக இருக்கட்டும். பயம் பாதி போய்விடும்.

பிறகு ஊரின் எண்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம். ஒரு மாடி 3 மீட்டர் என்றால் எத்தனை மாடி? ஆயிரத்தைத் தாண்டும்! 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்து எத்தனை ஆண்டு? வீட்டில் தாத்தாவிடம் கேட்டுவரச் சொன்னால் இன்னும் பல எண்கள் கிடைக்கும்.

வீட்டில் தமிழ், வகுப்பில் கன்னடமோ ஆங்கிலமோ என்றிருக்கும் பிள்ளைக்குப் பின்னம் என்பதைப் 'பின்னராசி', 'ஃப்ராக்ஷன்' என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். அப்பா என்ன வேலை என்று எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். 2001-இல் சுரங்கம் மூடியபின் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கே நிறைய.