நோகாத காலைத்தான் பார்க்க வேண்டும்

சென்ற தேர்த் திருவிழாவன்று நல்ல வெயில் எறித்தது அடியார்களுக்கு நினைவிருக்கும். இலண்டனில் வெயிலே இல்லை என்று ஆண்டு முழுவதும் குறைசொல்லும் நாம், அன்று தார் வீதியில் கால் வைக்க முடியாமல் நிழல் தேடி ஓடினோம். எம்முடன் வடம் பிடித்த ஓர் அம்மா மட்டும் ஓடவில்லை. எழுபது வயது, இருபது வருட நீரிழிவு. வெறுங்காலுடன் நிதானமாக நடந்து வந்தார். “அம்மாவின்ரை பக்தியைப் பாருங்கோ, சூடே தெரியேல்லை” என்று எம்மில் ஒருவர் சொன்னார். உண்மையிலேயே அவருக்குச் சூடு தெரியவில்லை.

மூன்றாம் நாள் மகள் காலுறையில் ஈரக்கறையைக் கண்டு கேட்டபோது, “ஒன்றுமில்லைப் பிள்ளை, நோகேல்லை” என்றார். மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசியபடி இரண்டு வாரம் போயிற்று. வைத்தியசாலைக்குப் போனபோது கிருமி எலும்புவரை சென்றிருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பெயரைப் போடாமல் எழுதுங்கள் என்று அவரே சொன்னதால் இதை எழுதுகிறோம்.

நோகாதபடியால் பயமில்லை என்று எம்மவர் நினைக்கின்றனர். நீரிழிவுக்காரரின் காலில் இது தலைகீழ். பல வருடங்களாக இரத்தத்தில் சீனி கூடி நிற்கும்போது கால் நரம்புகள் பழுதடைகின்றன. முதலில் எரிவு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, பின்பு விறைப்பு; சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே உணர்வு போய்விடும். வியர்வை குறைந்து தோல் வரண்டு, குதிக்கால் வெடிக்கும். பாதத்தின் சிறு தசைகள் மெலிய, விரல்கள் வளைந்து, உடற்பாரம் முழுவதும் முன்பாதத்தில் ஓரிரு இடங்களில் விழும். அந்த இடத்தில் தோல் தடிக்கும். தடிப்புக்கு அடியில், வெளியே தெரியாமல், புண் உண்டாகும். இரத்தக் குழாய்களும் ஒடுங்கியிருந்தால் அந்தப் புண் ஆறுவது மிகக் கடினம்.

இதை உலகுக்கு விளங்க வைத்ததில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1914ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான டொக்டர் போல் பிராண்ட், 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திரசிகிச்சை நிபுணராகச் சென்றார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் எல்லோரும் நம்பினர். அப்படியல்ல, வலி தெரியாதபடியால் சூட்டிலும் தேய்விலும் தினமும் காயப்பட்டே அவை அழிகின்றன என்று அவர் கண்டார். 1966ல் அமெரிக்காவின் கார்விலுக்குச் சென்றபின், நீரிழிவுக்காரரின் விறைத்த கால்களிலும் இதே கதைதான் என்று எடுத்துக்காட்டினார்.

ஆகவே புண்ணுக்கு மருந்து கட்டுவது பாதி வேலைதான். அதன்மேல் பாரம் விழாமல் தடுப்பது மறுபாதி. அதற்காகவே முழங்காலுக்குக் கீழே காலைச் சுற்றிப் பிளாஸ்ரர் போடுகிறார்கள், அல்லது விசேட பூட்ஸ் கொடுக்கிறார்கள். கழற்றக்கூடிய பூட்ஸ் என்றால் எம் அம்மாமார் வீட்டுக்குள் கழற்றி வைத்துவிடுவார்கள். “ஒரு தேத்தண்ணி போடத்தானே எழும்பினனான்” என்பார்கள். குசினிக்குப் போய்வரும் ஒவ்வொரு அடியும் புண்ணை மீண்டும் நசுக்குகிறது. புண்ணோடு இருப்பவரைப் பார்க்கப் போகும் நாம், அவரை எழும்பவிடாமல் தேநீரை நாமே போட்டால் நல்லது.

உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இப்ஸ்விச் நகர வைத்தியர்கள் வகுத்த எளிய முறை இது. பெரியவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, ஒரே விரலை இரண்டாம் முறை தொடக்கூடாது. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது என்று கொண்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். எல்லாம் தெரிந்தாலும் வருடாந்தப் பாதப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். நீரிழிவு உள்ள ஒவ்வொருவருக்கும் இந்நாட்டில் அது இலவசம். ஆனால் அழைப்புக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிடும் வழக்கம் எம்மிடம் உண்டு.

உணர்வு குறைந்தவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வைக்கலாம். அதைவிடப் பேரப்பிள்ளையின் கண் நல்லது. பண்டிகை நாட்களில் தாத்தா பாட்டியின் காலில் விழுந்து வணங்கும் பிள்ளைகள், அப்படியே அடிப்பாதத்தையும் ஒருமுறை பார்க்கட்டும். சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவிய பின்பே காலை நுழைக்க வேண்டும். கல்லோ ஊசியோ கிடந்தாலும் கால் சொல்லாது. சுடுநீர்ப் போத்தல், ஹீற்றரில் கால் வைத்தல், ஆணிக்குக் கடையில் விற்கும் அசிட் பிளாஸ்ரர், பிளேட்டால் சீவுதல் எல்லாம் ஆகாது. நெடுநேரம் சம்மணம் கட்டினால் வெளிக்கணுக்காலிலும் புண் வரும். பஜனைக்குக் கதிரை கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கோயிலில் என்ன செய்வது? கால் கழுவியபின் விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்கவும்; குழாயடியில் இனிமேல் கடதாசித் துவாய் இருக்கும். உள்ளே இறுக்கமில்லாத தடித்த காலுறை அணியலாம். தேர் வீதியைப் பற்றிக் குருக்கள் ஐயாவிடம் கேட்டோம். நோயாளர் பாதணியுடன் வருவதில் குற்றமில்லை என்றார். அந்த அம்மாவும் இம்முறை வைத்தியசாலையில் கொடுத்த சப்பாத்துடன் வருகிறார். விறைத்த காலுடையவர்கள் தீ மிதிப்பதையோ வெறுங்காலுடன் காவடி எடுப்பதையோ நாம் ஒருபோதும் ஊக்குவிக்க மாட்டோம். இதில் மனவருத்தப்படுபவர்கள் எம்முடன் பேசலாம்.

கொப்புளம், வெடிப்பு, புண் எது கண்டாலும், நோகாவிட்டாலும், அன்றே உங்கள் வைத்தியருக்கோ பாதச் சிகிச்சை நிலையத்துக்கோ தொலைபேசி எடுங்கள். புதிய புண் உள்ளவரை ஒரு வேலைநாளுக்குள் விசேட பாதக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது இங்குள்ள விதி. “நீரிழிவு, காலில் புதுப் புண்” என்று வரவேற்பாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தாலும் அதே அவசரம்தான். உள்ளே எலும்பு உடைந்துகொண்டிருக்கலாம், அந்தக் காலில் நடக்கவே கூடாது. சிவப்புப் பரவினால், தோல் கறுத்தால், புண்ணுடன் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரவிலும் சனி ஞாயிறிலும் ஆலோசனைக்கு 111ஐ அழைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள், தருவார்கள்.