பசுவுக்கு வாளிச் சோறு வேண்டாம்



ஒரு பொங்கலுக்கு மறுநாள், மிஞ்சின சோறு வீணாகக் கூடாதென்று ஒரு லயத்தில் கறவைப் பசுவுக்கு வாளி நிறைய வைத்தார்கள். மூன்றாம் நாள் பசு செத்துப்போச்சு. பக்கத்து வீட்டார் விஷம் வைத்ததாகச் சண்டை வேறு! நான்தான் இடையில் போய் நின்றேன். விஷமில்லை, சோறுதான்.

எப்படி என்கிறீர்களா? நெடுந்தீவைப் பாருங்கள். கோடையில் அங்கே காய்ந்த புல்தான். மாடும் அதைத்தான் மேயும், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த குதிரைகளும் அதைத்தான் மேயும். ஆனால் புல்லின் நாரை அவை தாமாகக் கரைப்பதில்லை. வயிற்றில் குடியிருக்கும் கிருமிகள்தான் கரைக்கின்றன. குதிரைக்கு அவை பின்குடலில். மாட்டுக்கு முதல் இரைப்பையில். அங்குள்ள சாறு ஒரு மில்லிலீற்றரில் சுமார் ஆயிரம் கோடி!

அமெரிக்காவில் ஹங்கேட் என்பவரும் கூட்டாளிகளும் செம்மறியாடுகளை ஆராய்ந்து 1952இல் எழுதினார்கள். திடீரென்று தானியம் அதிகம் போனால், மாச்சத்துத் தின்னும் கிருமி மளமளவென்று பெருகி வயிற்றைப் புளிக்கவைக்கும். நார் கரைக்கும் நல்ல கிருமிகள் மடியும். பிறகு அந்தப் புளிப்பு இரத்தத்திலும் ஏறும். சோறும் மாச்சத்துத்தானே.

புண்ணாக்கு, தவிடு எதுவானாலும் கொஞ்சங்கொஞ்சமாக, இரண்டு வாரமெடுத்துக் கூட்டுங்கள். பசு அசைபோடாமல் நின்றால், இடப்பக்கம் உப்பினால், தண்ணியாகக் கழிந்தால், கொழுந்தெடுத்து வந்து பார்க்கலாமென்று இருக்காமல் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.