உம்மாவின் ஆறு கோப்பைத் தேநீர்

மூட்டுவலியால் என் உம்மா நாற்காலியில் அமர்ந்தே தொழுதுவந்தார். “எடையைக் குறையுங்கள்” என்று மருத்துவர் சொன்னதும் சோற்றையே விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் தலைசுற்றிப் படுத்தார். ஆறாம் நாள் இருமடங்கு சாப்பிட்டார்.

பிறகு இருவரும் கணக்குப் பார்த்தோம். தேயிலை மலைகளுக்கு நடுவே வாழும் நமக்குத் தேநீர் இல்லாமல் முடியாது. உம்மாவுக்கு நாளுக்கு ஆறு கோப்பை. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 48 கிராம்! வளர்ந்தவருக்கு எல்லா உணவிலும் சேர்த்து 25 கிராமுக்குள் சீனி இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதல் மாதம் சீனியைப் பாதியாக்கினோம். இரண்டாம் மாதம் பீங்கானில் பாதி கீரையும் மரக்கறியும், கால்பங்கு சோறு, கால்பங்கு மீன் அல்லது பருப்பு. மூன்றாம் மாதம் அஸருக்குப் பின் மெதுநடை. முதலில் பத்து நிமிடம், பிறகு அரைமணி. லுணுகலையின் ஏற்றங்களைத் தவிர்த்து, சமமான பாதையில்தான் நடந்தோம்.

வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைய ஆசைப்படவில்லை. ஆறு மாதத்தில் 78 கிலோ 74 ஆனது. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் இரத்தச் சீனியும் சீராகத் தொடங்கும் என்று மருத்துவர் மகிழ்ந்தார்.

தோழிகளே, இது வளர்ந்தவருக்கான கணக்கு. வளரும் வயதில் நாம் பட்டினி கிடக்கக் கூடாது. காலையுணவைத் தவிர்க்கவும் கூடாது. எடை பற்றிக் கவலையிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளையின் உடம்பைக் கேலி செய்யாதீர்கள். வீட்டுச் சாப்பாட்டை எல்லோருக்குமாக மாற்றுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது உம்மா நின்று தொழுகிறார்.