பெட்டிக்குள் இருக்கும் ஓட்டு

முதலமடை,
2021 மே 1, சனி இரவு

அன்பு அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். சாயங்காலம் ஆக்சிமீட்டர் 97 காட்டியது என்று உன் சித்தி போன் செய்து சொன்ன பிறகுதான் எனக்கும் உன் பெரியம்மாவுக்கும் சோறு இறங்கியது. கோயம்புத்தூரில் ஒரு அறைக்குள் கொரோனாவோடு ஒன்பது நாளாக நீ தனியாகக் கிடப்பதை நினைத்தால் இங்கே எந்த வேலையும் ஓடவில்லை. கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடி. குப்புறப் படுக்கச் சொன்னார்களே, அதை விட்டுவிடாதே.

நேற்று இருமலுக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்டாய். "ஏப்ரல் 6 போட்ட ஓட்டை மே 2 வரைக்கும் எதுக்குப் பெரியப்பா பூட்டி வெச்சிருக்காங்க? அதுக்குள்ள மாத்திட மாட்டாங்களா?" அதெல்லாம் ஒன்றுமில்லை, தூங்கு என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. முதல் ஓட்டுப் போட்ட பிள்ளை கேட்கிற கேள்விக்கு அப்படிப் பதில் சொல்லக் கூடாது. ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் உன் தம்பி படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.

முதலில் அந்த இருபத்தாறு நாள் கணக்கு. கேரளத்தில் நமக்கும், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஏப்ரல் 6 ஒரே நாளில் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்தது. அசாமில் மூன்று கட்டம். மேற்கு வங்கத்தில் எட்டுக் கட்டம். மார்ச் 27-இல் ஆரம்பித்து நேற்று முன்தினம்தான் முடிந்தது. நம் பெட்டியை முன்னாலேயே திறந்து யார் ஜெயித்தார் என்று சொல்லிவிட்டால், அங்கே இன்னும் ஓட்டுப் போடாதவர்களின் மனம் அந்தப் பக்கம் சாயும். எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் திறப்பது அதற்காகத்தான். ஓட்டுப் போட்டு வந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை 29-ஆம் தேதி ராத்திரி ஏழரை மணி வரைக்கும் வெளியிடக் கூடாது என்று தடுத்து வைத்திருந்ததும் அதற்காகத்தான். அவ்வளவு நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து இப்போது டிவியில் கொட்டுகிறது. நீ அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாய் என்று சித்தி சொன்னாள். அணைத்துவிடு கண்ணு. நாளைக்கு உண்மையான கணக்கே வரப்போகிறது.

இனி, மாற்றிவிட மாட்டார்களா என்ற கேள்வி. முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்ததில் பத்துப் பன்னிரண்டு தேர்தலில் எனக்கு டியூட்டி விழுந்திருக்கிறது. சீட்டுக் காலமும் பார்த்தேன், எந்திரக் காலமும் பார்த்தேன். சீட்டுக் காலத்தில் இரும்புப் பெட்டியின் வாயில் நூல் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி உருக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்துவோம். எத்தனை தரம் விரல் சுட்டிருக்கிறது. எந்திரம் வந்த பிறகு வேலையின் வகை மாறியது, ஒழுங்கு மாறவில்லை. காலையில் கட்சி ஏஜெண்டுகளின் கண் முன்னால் ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் நிஜ வாக்குப்பதிவைத் தொடங்குவோம். முடிந்ததும் 'குளோஸ்' பொத்தானை அமுக்கினால் அதற்குப் பிறகு ஒரு ஓட்டுக்கூட உள்ளே போகாது. மொத்தம் எத்தனை என்று திரையில் வரும். அந்த எண்ணை 17சி என்கிற படிவத்தில் எழுதி, ஏஜெண்டுகளுக்கு ஆளுக்கொரு நகல் கொடுப்போம்.

அந்த நகல்தான் உன் கேள்விக்குப் பதில். பூட்டையும் போலீசையும் மட்டும் நம்பச் சொல்லவில்லை. எந்திரங்களை வைத்த அறை வாசலில் பூட்டின் மேல் வேட்பாளர்கள் தங்கள் முத்திரையும் வைக்கலாம், வெளியில் ஆளைக் காவல் போடலாம். அதெல்லாம் சரி. ஆனால் 742 பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று ஏஜெண்டு தன் சட்டைப் பைக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறாரே, நாளைக்கு மேசையில் எந்திரம் அதே 742-ஐக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அவர் அங்கேயே எழுந்து கேட்கலாம். அதோடு தொகுதிக்கு ஐந்து சாவடியைக் குலுக்கி எடுத்து, நீ பொத்தானை அமுக்கியபோது கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து விழுந்ததே ஒரு சீட்டு, அந்தச் சீட்டுகளையும் கையால் எண்ணிச் சரிபார்ப்பார்கள். முன்பு ஒரு சாவடிதான். 2019-இல் உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. யாரோ சந்தேகப்பட்டு வழக்குப் போட்டதால் வந்த ஐந்து அது.

சந்தேகப்படுவது தப்பே இல்லை. அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எந்திரம் முதன்முதலாக ஓடியதே நம் கேரளத்தில்தான், தெரியுமா? 1982 மே மாதம், எர்ணாகுளம் மாவட்டத்துப் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். சட்டத்தில் எந்திரத்துக்கு இடமே இல்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்து, ஜோஸ் ஜெயித்தார். பிறகு சட்டத்தைத் திருத்தித்தான் எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்னால் தேவிகுளம். 1957-இல் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தது செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் நடுவே பாவலர் வரதராஜன் பாடிப் பிரசாரம் செய்த தேர்தல் அது. மறுபடியும் அந்த அம்மாவேதான் ஜெயித்தார். ஆக, எண்ணி அறிவித்துவிட்டால் தீர்ந்தது என்று எதுவும் இல்லை. ஆதாரத்தோடு கேட்கிறவருக்கு வழி உண்டு. "எல்லாம் ஃபிராடு" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவருக்கு அந்த வழி தெரியாது.

காத்திருப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தலில், பனி மூடுவதற்குள் முடிக்க வேண்டும் என்று இமாசலத்தில் சினி என்ற மலைப்பகுதியில் 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவு நடந்தது. சியாம் சரண் நேகி என்கிற பள்ளி ஆசிரியர் அங்கே முதல் ஓட்டைப் போட்டார். நாடு முழுக்க வாக்குப்பதிவு முடிய அடுத்த பிப்ரவரி ஆயிற்று. பனிக்காலம் முழுக்க அந்த மனிதர் தம் ஓட்டு என்ன ஆயிற்று என்று தெரியாமல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருப்பார். இலங்கையில் போன வருஷம் கொரோனாவால் தேர்தலே ஏப்ரலிலிருந்து ஜூனுக்கும், ஜூனிலிருந்து ஆகஸ்ட் 5-க்கும் தள்ளிப்போனது. ஓட்டுப் போட்ட ராத்திரியே எண்ணுகிற வழக்கத்தையும் விட்டு, மறுநாள் காலையில்தான் எண்ணத் தொடங்கினார்கள்.

ஆனால் நம் காத்திருப்பில் ஒரு வேதனை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நாம் வரிசையில் நின்ற அன்றைக்குக் கேரளத்தில் புதிதாக நோய் கண்டவர்கள் மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம். இன்றைக்கு முப்பத்தையாயிரத்துக்கும் மேல். இடையில் இருந்தது ஒரு வெயில் மாதம். ஓட்டுக்கு முந்தைய பிரசார ஊர்வலங்களில் கூட்டம் கூட்டியது எந்தக் கட்சி என்று பிரித்துச் சொல்ல முடியாது. முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டுக் கோஷம் போட்டதை இந்த வாசலில் நின்று பார்த்தேன். நானும் கைகூப்பி நின்றேனே தவிர, தள்ளி நில்லுங்கள் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அது என் மனதில் கிடக்கிறது.

மாம்பழம் மட்டும் யாருக்கும் காத்திருக்கவில்லை. நாட்டில் முதலில் பழுக்கிறது நம் ஊர் மாம்பழம், அதனால்தான் நமக்கு விலை; ஜனவரியில் காய் இறங்க ஆரம்பித்து மே மாதத்தில் தோட்டம் ஓய்ந்துவிடும். இந்த வருஷமும் பூவிலேயே இலைப்பேன் விழுந்து பாதி போயிற்று. மிச்சத்தை வடக்கே ஏற்றலாம் என்று இருந்தோம். ஏப்ரல் 19 ராத்திரி டெல்லியை அடைத்துவிட்டார்கள். இரண்டு நாள் லாரி வரவில்லை. காம்பை ஒரு விரல் நீளம் விட்டு அறுத்த பங்கனப்பள்ளியை வைக்கோலில் கவிழ்த்து அடுக்கி வைத்திருந்தோம், பால் வடிந்து தோலில் பட்டால் கறுத்துவிடும் என்று. அந்தக் கொட்டகையில் ஏறிய வாசனை இருக்கிறதே, அது பழுக்கிற வாசனை. விற்கிறவனுக்கு அது பயம். கடைசியில் கிடைத்த விலைக்குப் பொள்ளாச்சிக்குக் கொடுத்தோம். இந்த இலைப்பேனைப் பற்றி ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நாளைக்கு ஜெயிக்கிறவர் யாரானாலும், அடுத்த பூ விடுகிற நவம்பர் டிசம்பருக்குள் போய் மறுபடி கேட்கப்போகிறேன்.

போன புதன்கிழமை நம் வார்டு சுகாதாரப் பணியாளர் ஆஷா அக்கா வந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் காய்ச்சல். கிட்டே போகாமல் திண்ணை ஓரத்தில் குந்தி, ஜிப் வைத்த சின்னப் பையிலிருந்து ஆக்சிமீட்டரை எடுத்துத் துடைத்தாள். பாட்டி பழக்கத்தில் இடது ஆட்காட்டி விரலை நீட்டினார், ஓட்டுச்சாவடியில் நீட்டியது போலவே. நகத்தில் அந்த மை இன்னும் இருந்தது. அடியில் புது நகம் வெள்ளையாக வளர்ந்து, கறுப்பு மேலே தள்ளிப் போயிருந்தது. "இந்த விரல் வேண்டாம் பாட்டி, மை இருந்தா சில சமயம் சரியாக் காட்டாது" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொல்லி, நடுவிரலில் மாட்டினாள். 95. நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். இந்த ஒரு வருஷத்தில் நம் தெருவுக்கு வந்த அரசாங்கம் அவள்தான். போன டிசம்பர் 10-ஆம் தேதி இதே கொரோனாவுக்கு நடுவில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அதில் வந்த வார்டு மெம்பர்தான் மருந்தும் அரிசியும் எடுத்து வருகிறார். உனக்கு அப்போது ஓட்டு இல்லை. அடுத்த முறை பஞ்சாயத்து ஓட்டுக்கும் இதே மாதிரி கோவிந்தாபுரம் செக்போஸ்டில் இ-பாஸ் காட்டியாவது வந்து சேர வேண்டும்.

செக்போஸ்ட் என்றதும் பறம்பிக்குளத்துக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களும் நம் பஞ்சாயத்துதான். ஆனால் பஞ்சாயத்து ஆபீசுக்கு வரவேண்டுமென்றால் டாப்ஸ்லிப், சேத்துமடை, ஆனைமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றித்தான் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். எல்லையை அடைத்தால் அவர்களுக்குச் சொந்த ஊரே அடைபட்டுப் போகும். அதைத் தாங்க முடியாமல் போன வருஷம் காந்தி ஜெயந்தி அன்றைக்கு அங்கே தேக்கடிக் குடியிருப்பு மக்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் செம்மணாம்பதிக்குத் தாங்களே காட்டுவழி வெட்ட இறங்கினார்கள். அவர்களும் ஏப்ரல் 6 ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டும் நாளைக்கு நெம்மாறா தொகுதி மேசையில் உன் ஓட்டோடு சேர்ந்துதான் எண்ணப்படும்.

நாளைக் காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டிலிருந்து தொடங்குவார்கள். எண்பது வயது தாண்டியவர்களும் நோயில் கிடந்தவர்களும் வீட்டிலிருந்தே போட்ட ஓட்டுகள் அதில் உண்டு. அரை மணி கழித்து எந்திரங்கள். முதல் இரண்டு சுற்றில் வருகிற முன்னிலையை நம்பி மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம். எந்தப் பக்கத்துச் சாவடி முதலில் எண்ணப்படுகிறது என்பதைப் பொறுத்து அது புரளும். பொள்ளாச்சி உறவுக்காரர்களுக்கு அந்தப் பக்கம் 234 தொகுதி, நமக்கு இந்தப் பக்கம் 140. குடும்பக் குரூப்பில் ஒரே நாளில் இரண்டு சண்டை வரும். நீ அதில் இறங்காதே. உன் மாமா என்ன எழுதினாலும், அவர்தான் உனக்கு மாத்திரை வாங்கிக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைக்கிறவர்.

வெற்றி ஊர்வலம் கூடாது என்று தேர்தல் கமிஷன் தடுத்திருக்கிறது. எண்ணுகிற இடத்துக்குள் போகிற ஏஜெண்டுக்கே நெகடிவ் சர்டிபிகேட் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஊசி போட்டிருக்க வேண்டும். அதனால் நாளைக்கு வெடிச்சத்தம் இருக்காது. இப்போதே ஊர் அடங்கிக் கிடக்கிறது. தோட்டத்தில் எங்கோ ஒரு பழம் தானாக விழுந்த சத்தம் கேட்டது. விடிந்ததும் போய்ப் பொறுக்க வேண்டும்.

எட்டு மணிக்கு அவர்கள் எண்ணத் தொடங்குவதற்கு முன்னால், ஆறு மணிக்கு எழுந்ததும் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, உன் எண்ணை எனக்கு அனுப்பு. மை இல்லாத விரலில் மாட்டு.

அன்புடன்,
பெரியப்பா